ஒதுக்கப்படாத ஐந்து இடங்கள்: அந்தமானிலிருந்து மாநிலங்களவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மாநிலங்களவைத் தலைவர் அவர்களுக்கும் அவையின் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

2025 செப்டம்பர் 9 அன்று நாட்டின் குடியரசுத் துணைத் தலைவரை, அதாவது உங்கள் அவையின் தலைவரை, நாடாளுமன்றத்தின் இரு அவையினரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தீர்கள். அன்று வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் 781 பேர். அவர்களுள் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சார்பில் இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் மக்களவை உறுப்பினர். மாநிலங்களவைக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த நாளில், அந்த அவையில் எங்களுக்கென்று ஓர் இருக்கைகூட இல்லை. 1952இல் அவை முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து இன்றுவரை இருந்ததும் இல்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவரின் தாய்மொழியும் என் தாய்மொழியும் ஒன்று என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்தபடியாக அதிகம் பேருக்குத் தாய்மொழியாக இருப்பது தமிழ்தான். ஆனால் இது தமிழர்களுக்காக மட்டும் எழுதப்படும் மடல் அன்று.

என் தந்தை இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் அதன் பின்னாலேயே போயிற்று. கொழும்பில் அப்போது ஒரு செனட் சபைகூட இருந்தது. அதில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில் கொழுந்து பறித்தவர்களுக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி அவர் இந்தியக் குடிமகனாக ஏற்கப்பட்டு, நிக்கோபார் கூட்டத்தைச் சேர்ந்த கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார். நான் அங்கேதான் பிறந்தேன். 1977 பொதுத்தேர்தலில்தான் அவர் தம் வாழ்நாளின் முதல் வாக்கைச் செலுத்தினார். விரலில் வைத்த மையில் தண்ணீர் பட்டுவிடாமல் நாலைந்து நாள் இடக்கையைத் தூக்கியே வைத்திருந்தார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். தமக்குக் கிடைத்தது நாடாளுமன்றத்தின் ஒரு பாதிக்கான வாக்கு மட்டுமே என்பது தந்தைக்குக் கடைசிவரை தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் தெற்கு அந்தமானுக்கு வந்தோம். அங்கே ஒரு கிராமப் பஞ்சாயத்தில் ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்தபோதுதான் அந்தப் பாதியின் பொருள் எனக்கே விளங்கியது.

விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். எங்கள் பஞ்சாயத்து எல்லைக்குள் உள்ள ஜெட்டியில், ஃபெர்ரிக்குக் காத்திருப்பவர்கள் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை இல்லை. இங்கே மழை ஏறத்தாழ எட்டு மாதம். கைக்குழந்தையோடு மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு கொட்டகை கேட்டு மனு எழுதினோம். அந்த ஆண்டின் நிதி முழுவதும் வேறு பணிகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் குறை காண ஏதுமில்லை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். வடக்கே டிக்லிப்பூரிலிருந்து தெற்கே கேம்ப்பெல் பே வரை எழுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில், கடலால் பிரிந்து கிடக்கும் அத்தனை ஊர்களுக்கும் அதுதான். கோத்தகிரியில் இருக்கும் என் அக்காள் கணவர், அவரும் தாயகம் திரும்பிய குடும்பம்தான், தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன மாப்ளே, ராஜ்யசபா எம்.பி. யாரையாவது பிடிச்சுக் கேளுங்க" என்றார். தமிழ்நாட்டிலிருந்து உங்கள் அவைக்குப் போகிறவர்கள் 18 பேர். அவர் வழக்கத்தில் அது இயல்பான அறிவுரை. எங்களுக்குப் பிடித்துக் கேட்க யாரும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

கொட்டகை சின்ன விஷயம். சட்டம் பெரிய விஷயம். ஒரு மாநிலத்தின் குடிமகனுக்குச் சட்டம் இயற்றும் இடங்கள் இரண்டு: அவனுடைய சட்டமன்றம், நாடாளுமன்றம். ஒன்றில் அவன் குரல் தாழ்ந்தால் மற்றதில் ஒலிக்கும். எங்களுக்குச் சட்டமன்றம் இல்லை. அரசியலமைப்பின் 239ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் துணைநிலை ஆளுநர் மூலம் எங்களை ஆள்கிறார். 240ஆவது பிரிவின்படி அவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறை விதிகளுக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை உண்டு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே இந்தத் தீவுகளின் அளவில் அவற்றால் திருத்தவும் நீக்கவும் முடியும். எங்கள் பஞ்சாயத்துகளும் நிக்கோபாரின் பழங்குடி மன்றங்களும் அத்தகைய விதிகளின்கீழ் அமைந்தவையே. ஆகவே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு எங்களுக்காகச் சட்டம் இயற்றக்கூடிய ஒரே மன்றம் நாடாளுமன்றம். அந்த ஒன்றிலும் பாதியில்தான் எங்களுக்கு இடம். வேறு வழிகள் உள்ளவர்களுக்கு இரண்டு அவைகளும், வேறு வழியே இல்லாதவர்களுக்கு ஓர் அவையும் என்ற இந்தக் கணக்கை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டினால் கேட்கக் காத்திருக்கிறேன்.

எங்களை நேரடியாக ஆளும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். 2022 தேர்தலில் வாக்காளர்கள் 4,809 பேர். அதில் எங்கள் பங்கு ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு, மதிப்பு 700. தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ அவர் அரசியலமைப்புத் தலைவர். எங்களுக்கு அவரே அரசு. பங்கு மட்டும் தலைகீழாக இருக்கிறது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்குப் பெரிய நிக்கோபார் சான்று. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது; இதற்காகக் கைவிடப்படவிருக்கும் காடு சுமார் 130 சதுர கிலோமீட்டர். அதே மாதத்தில், சிறிய மற்றும் பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றம் தான் முன்பு தந்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், பெயர் மாறியதை நான் செய்தியில்தான் அறிந்தேன், நாக்கு இன்னும் பழகவில்லை) என் நண்பர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, அதை இங்கே தீர்க்க வரவில்லை. உங்கள் அவையில் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பிய உறுப்பினர்கள் எல்லோரும் மெயின்லேண்டின் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் அவர்கள் தங்கள் அறிவுக்கும் தங்கள் கட்சியின் நிலைப்பாட்டுக்கும் ஏற்பத்தான் கேட்க முடியும். அந்தக் காட்டில் பன்றி வேட்டைக்குப் போனவரின் மகனோ, சுனாமிக்குப் பிறகு மேற்குக் கரையின் பழைய ஊருக்குத் திரும்ப முடியாமல் இன்னும் முகாம் வீட்டில் இருப்பவரின் மகளோ எழுந்து நின்று துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பு அந்த அவையில் இல்லை.

இந்தக் கோரிக்கையை நான் பேசிய இடங்களில் எல்லாம் முதலில் வந்த மறுப்பு ஒன்றுதான். ஒரு கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் சற்று இரக்கத்தோடு கேட்டார்: "சட்டமன்றமே இல்லாத இடத்தில், ஓட்டுப் போட்டு ராஜ்யசபாவுக்கு ஆள் அனுப்புவது யார்?" கேள்வி நியாயமானதாகத் தோன்றும்; ஆனால் அரசியலமைப்பு அதற்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 80ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு, மாநிலங்களின் பிரதிநிதிகளைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவு, எங்களைப் போன்ற ஒன்றியப் பகுதிகளின் (யூனியன் பிரதேசங்களின்) பிரதிநிதிகள் நாடாளுமன்றம் சட்டத்தால் வகுக்கும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. சட்டமன்றம் என்ற சொல்லே அதில் இல்லை. முறையை வகுக்கும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.

அந்த அதிகாரம் பயன்பட்ட வரலாறும் உண்டு. 1952இல் கட்ச், மணிப்பூர், திரிபுரா ஆகியவற்றுக்குச் சட்டமன்றம் இருக்கவில்லை. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவதற்கென்றே அங்கே மக்கள் நேரடியாக வாக்களித்து வாக்காளர் குழுக்களை அமைத்தார்கள். டெல்லியில் 1966ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பெருநகர மன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமே கிடையாது, பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஆனாலும் அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்தான் டெல்லியின் மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏற்பாடு இருந்தது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 27ஏ பிரிவில். சட்டம் இயற்றாத மன்றம் தலைநகரில் இருந்தால் தகுதி, தீவில் இருந்தால் தகுதியில்லையா?

இரண்டாவது மறுப்பு, நாங்கள் சிலர் என்பது. 2011 கணக்கின்படி நாங்கள் 3.8 லட்சம் பேர். சிக்கிம் 6.1 லட்சம், அதற்கு மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று. வெளியே பார்த்தால் எங்கள் எண்ணிக்கை பெருங்கூட்டமாகவே தெரியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையருகே பிரான்சுக்குச் சொந்தமான சான் பியர் மிக்கலோன் என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. சுமார் ஆறாயிரம் பேர். பாரிஸில் உள்ள செனட்டில் அதற்கு ஓர் உறுப்பினர் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்பது, அந்தத் தீவுகளின் தேசிய அவை உறுப்பினரும், 19 பேர் கொண்ட பிரதேச மன்றத்தினரும், இரண்டு நகராட்சிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினரைப் போன்ற ஒருவர் அங்கே ஒரு நாட்டின் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை உடையவர். ஸ்பெயின் வேறு வழியில் போயிற்று. அதன் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 69ஆவது பிரிவு, தீவுகளைப் பெயர் சொல்லி எண்ணி இடம் ஒதுக்குகிறது. கனாரித் தீவுகளுள் ஒன்றான எல் இயேரோவில் இருப்பவர்கள் ஏறத்தாழ பதினோராயிரம் பேர். அவர்கள் தங்கள் செனட்டரை நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் என்ற கணக்கைக் கீழவை பார்த்துக்கொள்கிறது. நிலமும் கடலும் பிரித்துவைத்த சமூகங்களை நாட்டின் முன் நிறுத்துவது மேலவையின் வேலை என்ற புரிதலே இரண்டு நாடுகளிலும் இதன் அடிப்படை.

மூன்றாவதாகச் சிலர், இடம் இல்லை என்பார்கள். இதைத்தான் நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அரசியலமைப்பை எடுத்து எண்ணிப் பார்த்தபோது வியப்பும் கோபமும் ஒருசேர வந்தன. 80ஆவது பிரிவு மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 238 இடங்கள்வரை அனுமதிக்கிறது. நான்காம் அட்டவணையில் இதுவரை ஒதுக்கப்பட்டிருப்பவை 233. மிச்சம் ஐந்து. மாநிலங்களவையில் இடமே இல்லாத ஒன்றியப் பகுதிகள் எத்தனை? அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு, சண்டிகர், லடாக், தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ. அவையும் ஐந்து. உச்சவரம்பை உயர்த்த வேண்டியதில்லை. எவருடைய இடத்தையும் எடுக்க வேண்டியதில்லை. 1962இல் பதினான்காம் திருத்தத்தின்மூலம் புதுச்சேரிக்கு ஓர் இடம் சேர்த்ததைப் போல, அட்டவணையில் சில வரிகள் சேர்க்க வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் கடினம் என்பதற்கும் யாரும் முயலவில்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு.

இலட்சத்தீவையும் எங்களையும் சேர்த்து ஒரே இடம் தரலாமே என்று யாருக்கேனும் தோன்றலாம். இரண்டும் தீவுகள்தானே என்று. ஸ்பெயினின் அதே 69ஆவது பிரிவு இவிசாவையும் ஃபார்மென்டெராவையும் ஒரே செனட் இடத்தில் கட்டிவைத்தது. இவிசாவின் மக்கள்தொகை பன்மடங்கு பெரியது. தனக்கென ஓரிடம் வேண்டும் என்று ஃபார்மென்டெரா கேட்டதற்கு அதுவே காரணம். அந்த இரண்டு தீவுகளும் படகில் அரை மணி தூரம். நாங்களோ வங்கக் கடலில், அவர்கள் அரபிக் கடலில். இலட்சத்தீவின் 2011 மக்கள்தொகை 64,473. எங்களோடு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் அவர்கள் தோற்பார்கள். எங்களுக்கு நேர்ந்ததை அவர்களுக்கு நேரச் செய்யும் இடம் எங்களுக்கு வேண்டாம்.

எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்கும் தயக்கங்கள் உண்டு. எல்லா வாக்காளர்களும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது கேட்க இனிமையானது, 80ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு அதைத் தடுக்கவும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் மக்களவைக்கு வென்ற கட்சியே மாநிலங்களவைக்கும் வெல்லும். நிக்கோபார் மாவட்டத்தின் 36,842 பேர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள், இரண்டு முறை மூழ்கடிக்கப்படுவார்கள். அதனால் போர்ட் பிளேர் நகராட்சியின் 24 வார்டு உறுப்பினர்கள், இரண்டு மாவட்டப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர்கள், பஞ்சாயத்துச் சமிதி உறுப்பினர்கள், கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், நிக்கோபாரில் பஞ்சாயத்துக்கு ஈடாக இருக்கும் பழங்குடி மன்றங்களின் கேப்டன்கள் எனப்படும் ஊர்த் தலைவர்கள் ஆகியோர் சேர்ந்த ஒரு வாக்காளர் குழுவே பொருத்தம் என்று கருதுகிறேன். அதில் பழங்குடி மன்றங்களுக்கு எண்ணிக்கையை விடச் சற்றுக் கூடுதலான எடை தரப்பட வேண்டும். (முன்னாள் பஞ்சாயத்து உறுப்பினன் பஞ்சாயத்துக்காரர்களுக்கு வாக்குக் கேட்கிறான் என்று சிரிக்கலாம். நான் மறுபடி நிற்கப் போவதில்லை.) குழு சிறிதாக இருந்தால் பணம் விளையாடும் என்ற அச்சம் உண்மையானது. கிராமப் பஞ்சாயத்துவரை சேர்க்கச் சொல்வது அதனால்தான். சில நூறு பேரைக் கடல் தாண்டித் தேடிப் போய் விலைபேசுவது, இருபது பேரை ஒரு விடுதியில் அடைத்து விலைபேசுவதைப் போல எளிதன்று.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் தாம் பிரதிநிதித்துவம் செய்யும் மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பெரிய மாநிலங்களில் 18 பேரில் ஒருவர் வெளியூர்க்காரராக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். எங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே இடத்தில், டெல்லியில் இடம் தேடும் ஒரு கட்சிப் பிரமுகர் வந்து உட்கார்ந்தால், கேட்டு வாங்கியது எங்களுக்கே எட்டாமல் போகும்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஓர் இடம் சேர்க்கும் திருத்த மசோதாவை ஒன்றிய அரசு கொண்டுவர வேண்டும் என்று மாநிலங்களவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இலட்சத்தீவின் இடம் அதனின்று தனியாக இருக்க வேண்டும். மற்ற மூன்று பகுதிகளின் கோரிக்கைகளும் அவற்றின் தகுதி நோக்கிப் பரிசீலிக்கப்பட வேண்டும். 2027 கணக்கெடுப்புக்குப் பின் மக்களவைத் தொகுதிகளை மறுவரையறை செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைக்கக் கூடாது; அந்த வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 27ஏ பிரிவைத் திருத்தி, பழங்குடி மன்றங்களையும் உள்ளடக்கிய வாக்காளர் குழுவை இந்தத் தீவுகளுக்கு அமைக்க வேண்டும். இந்த இடத்துக்குப் போட்டியிடுபவர் குறிப்பிட்ட காலம் தீவுகளின் வாக்காளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதோடு சேர்க்க வேண்டும்.

குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரில் ஒருவராகத் தீவுக்காரர் ஒருவரைச் சேர்த்துவிட்டு இதை முடித்துவைக்க வேண்டாம். 1967வரை எங்கள் மக்களவை உறுப்பினரும் நியமனத்தால்தான் வந்தார். அந்தக் கட்டத்தை நாங்கள் கடந்து வந்துவிட்டோம்.

மசோதா வரைவதற்கு முன், அவையின் உரிய நிலைக்குழு இங்கே வந்து மக்களைக் கேட்க வேண்டும். போர்ட் பிளேரில் ஒரு விடுதிக் கூடத்தில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், டிக்லிப்பூர், கார் நிக்கோபார், கட்சால், கேம்ப்பெல் பே ஆகிய இடங்களிலும் கேட்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஹெலிகாப்டரைத் தவிர்த்து, நாங்கள் போகும் கப்பலிலேயே வாருங்கள். பயணச் சீட்டுக்கு எங்களோடு வரிசையில் நிற்பதிலிருந்தே உங்கள் விசாரணை தொடங்கட்டும்.

இப்படிக்கு,
கட்சாலில் பிறந்து, தெற்கு அந்தமானில் வாழும்
முன்னாள் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினன்